முறுக்கேறிய காகிதம்

வீட்டில் கிடக்கும் நாளிதழில் ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். கோடு போட்டதுபோல நேராக வரும். அதே தாளைக் குறுக்கே கிழித்தால் கை ஒரு பக்கம் இழுக்க, காகிதம் இன்னொரு பக்கம் ஓடும். ஆலையில் கூழ் ஓடுகிற திசையிலேயே நார்கள் படிந்துவிடுவதால் வரும் குணம் இது. பனையோலையில் ஈர்க்கு நீக்கி வாருகிறவர்களிடம் இதைச் சொன்னால் வியக்க மாட்டார்கள். ஓலையும் நீளவாக்கில்தான் வாரும். காகிதத்துக்கும் நாரோட்டம் உண்டு என்று ஒருமுறை கைக்குத் தெரிந்துவிட்டால், இதைப் பின்னினால் என்ன என்ற கேள்வி தானாக வரும்.

தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி பல வீடுகளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. பழைய செய்தித்தாளைக் குழல் குழலாகச் சுருட்டிப் பேனாத் தாங்கி, பூக்கூடை, விளக்குக் கூடு, சுவரில் மாட்டும் வட்டத் தட்டு, மூடி போட்ட பெட்டி என்று பின்னுகிறார்கள். மகளிர் குழுப் பயிற்சியில் கற்றவர்கள் உண்டு. யூடியூபைப் பார்த்துத் தாமாகக் கற்றவர்கள் அதைவிட அதிகம். ஆனால் இந்த வேலைக்கு நாம் கொடுத்திருக்கும் பெயர் ‘வேஸ்ட்டில் இருந்து பெஸ்ட்’. பள்ளிக்கூடப் போட்டிக்குச் செய்து, பரிசு வாங்கி, பரணில் போடுகிற பொருள் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. காகிதப் பின்னல் முழுமையான ஒரு கைவினை. நம் ஊரில் அதற்கு நீண்ட வம்சாவளியும் இருக்கிறது. அந்த வம்சாவளியைப் பார்க்க நல்ல இடம் மீமிசல்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினத்தைத் தாண்டித் தொண்டிக்குப் போகும் வழியில் வரும் ஊர் மீமிசல். ஒரு பக்கம் பாக் நீரிணையின் அலையடங்கிய கடல், இன்னொரு பக்கம் உப்பளம், நடுநடுவே பனை. கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் பக்கம்பக்கமாக இருக்கும் கரை இது. கைவினைக் கண்காட்சிகளின் பட்டியலில் இந்த ஊரின் பெயர் வராது. ஆனால் பின்னத் தெரிந்த கைகளுக்கு இந்தக் கரையில் என்றைக்கும் பஞ்சமில்லை. ஆண்கள் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கண் கண்ணாகக் கோத்துச் சரிசெய்கிறார்கள். வீட்டுப் பெண்களுக்குத் தென்னங்கீற்று முடைவதும், பனையோலையில் பெட்டியும் விசிறியும் தடுக்கும் முடைவதும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாத வேலைகளாக இருந்தன. ஓலைப்பெட்டியில் கருவாடு, ஓலைப்பெட்டியில் கருப்பட்டி, கல்யாணச் சீர் எடுத்துப் போனால் அதற்கும் சாயமேற்றிய ஓலைப்பெட்டி என்று ஒரு காலம்.

மேற்கே செட்டிநாட்டுப் பக்கம் போனால் இந்த வேலை ஆடம்பரம் கண்டிருக்கும். நகரத்தார் வீட்டு விசேஷங்களுக்கு ஆச்சிமார் தம் கையால் பின்னிய கொட்டான் என்னும் ஓலைக்கூடை, மணிகோத்து, குஞ்சம் கட்டி, அலமாரியில் வைத்துப் பார்க்கும் பொருளாக வளர்ந்தது. அது மறையப்போன நேரத்தில் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தது. இன்றைக்குச் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. மீமிசல் கரையின் கருவாட்டுப் பெட்டிக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. முடைகிற முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று விசேஷத்துக்குப் போனது, மற்றது சந்தைக்குப் போனது.

பிறகு ஓலை குறைந்தது. மரம் ஏறுகிறவர்கள் குறைந்தால் குருத்தோலை எங்கிருந்து வரும்? பிளாஸ்டிக் டப்பாவும் பாலித்தீன் பையும் வந்தன. ஆனால் பின்னுகிற கை சும்மா இருந்துவிடவில்லை. பிளாஸ்டிக் ஒயர் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டது. எழுபது, எண்பதுகளில் வளர்ந்த எவருக்கும் ஒயர் கூடை நினைவிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, நடு முடிச்சைப் பெருவிரலால் அழுத்தி இழுக்கும் காட்சி ஊர் ஊராக ஒன்றுதான். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பின்னலுக்குப் பெயர்கள் பிறந்தன. எந்தக் கல்லூரியும் வைத்த பெயர்கள் இல்லை இவை. ‘அத்தை, மூலை திரும்பும்போது எத்தனை விடணும்?’ என்று கேட்டுக் கேட்டே மாவட்டம் மாவட்டமாகப் பரவின.

ஓலை முடைந்த வீட்டில் ஒயர் வந்தது. ஒயர் பின்னிய வீட்டில் இப்போது காகிதம் வருகிறது. பொருள் மாறியதே தவிர, ஒன்றின் மேலே போய் அடுத்ததன் கீழே நுழையும் அந்தக் கணக்கு மாறவில்லை. மீமிசல் இருக்கும் வட்டத்தின் தலைமையிடமான ஆவுடையார்கோயிலில் இதற்கு ஒரு பழைய சாட்சி நிற்கிறது. அங்கே ஆத்மநாதர் கோயிலின் கொடுங்கைகளை, அதாவது வளைந்திறங்கும் கூரை விளிம்புகளை, அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டமும் குறுக்குச் சட்டமும் ஆணியும் தெரியும். எல்லாமே கல். மரத்தச்சன் தன் கூரையில் கண்ட அழகைக் கல்தச்சன் விட மனமில்லாமல் தன் பொருளுக்குள் கொண்டுவந்திருக்கிறான். அதைப் போலி என்று எவரும் சொன்னதில்லை. ஓலையின் பின்னலைக் காகிதத்தில் கொண்டுவருகிறவரும் அந்த மரியாதைக்கு உரியவர்.

செய்முறை கேட்க எளிது. பெரிய அளவு நாளிதழின் ஒற்றைத் தாளை மேலிருந்து கீழாக மூன்று நான்கு பட்டைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். பட்டையின் ஒரு மூலையில் மெல்லிய கம்பியைச் சாய்த்து வைத்து, இறுக்கி உருட்டிக்கொண்டே போக வேண்டும். கம்பிக்கும் தாளின் நீள விளிம்புக்கும் நடுவிலுள்ள சாய்வு குறைவாக இருந்தால் குழல் நீண்டு, மெலிந்து, விறைப்பாக வரும். சாய்வு கூடினால் குட்டையாகத் தடித்துப் போகும். கடைசி மூலைக்கு மட்டும் ஒரு பொட்டுப் பசை. கம்பியை உருவிவிட்டால் கையில் இருப்பது ஒரு காகிதக் குழல். அதன் ஒரு முனை சற்று மெலிந்திருக்கும். மறுமுனை வாய் அகன்றிருக்கும். மெலிந்த முனையைப் பசையில் தொட்டு இன்னொரு குழலின் வாய்க்குள் நுழைத்தால் நீளம் கூடும். இப்படி எத்தனை முழம் வேண்டுமானாலும் போகலாம்.

அந்தக் கம்பி பெரும்பாலும் சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ். கிடைக்காத வீட்டில் விளக்குமாற்று ஈர்க்கு. மீமிசல் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்போக்ஸ் கம்பிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளும் சேர்ந்தால்தான் பெண்கள் வகுப்புக்கு வரமுடியும், வெளியே போகமுடியும் என்று அந்த இயக்கம் கண்டது. 1992-இல் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதன் வழியே நாடே அதைப் படித்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் வாசிக்கக் கற்றதால்தான் பல வீடுகளில் செய்தித்தாள் படிக்கிற கை பெண்ணின் கையாகவும் ஆனது. வாசித்து முடித்த தாளையும் ஓய்ந்துபோன சைக்கிளின் கம்பியையும் வைத்து அதே வீட்டில் ஒரு கூடை உருவாகிறது என்றால், அதைக் குப்பையிலிருந்து வந்த கூடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழல் சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை. அட்டையில் இரண்டு வட்டம் வெட்டி, நடுவே குழல்களைச் சூரியக் கதிர்போல வைத்து ஒட்டினால் அடித்தளம். கதிர்களை மேலே மடக்கினால் அவை நிற்கும் குழல்கள். ஒற்றைக் குழலை உள்ளும் புறமுமாக ஓட்டிப் பின்னுவதானால் நிற்கும் குழல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படையாக இருந்தால் இரண்டாம் சுற்றும் முதல் சுற்றின் தடத்திலேயே போய்விடும், பின்னல் பிடிக்காது. இரண்டு குழல்களை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டே போவதானால் எந்த எண்ணும் சரி. மூங்கில் கூடை பின்னுகிறவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்குதான் இது. காய்ந்த குழல் மடிக்கும் இடத்தில் வெடிக்கும். அதனால் பின்னுவதற்கு முன் லேசாக நீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். ஈரம் கொஞ்சம் கூடினாலும் குழல் துவண்டு சப்பிவிடும். எவ்வளவு ஈரம் என்பதை விரல்தான் சொல்ல வேண்டும்; குருத்தோலையை நனைத்து முடைந்த விரல் உடனே சொல்லும். பின்னி முடித்ததும் நீர் கலந்த பெவிகால் ஒரு பூச்சு, காய்ந்ததும் வண்ணம், மேலே வார்னிஷ்.

வண்ணமே பூசாமல் விட்டால் இன்னொன்று நடக்கும். செய்தித்தாளில் மரநாரின் லிக்னின் நீக்கப்படாமல் தங்கியிருப்பதால் வெயிலும் காற்றும் பட்டுப்பட்டு அது பழுக்கும். சில மாதங்களில் கூடை பழுப்பேறி, தள்ளி நின்று பார்த்தால் ஓலை நிறத்துக்கு வந்திருக்கும். எழுத்துகள் மட்டும் மங்கலாகத் தெரியும். வண்ணம் பூசியதைவிட எனக்கு இதுவே பிடிக்கும்.

காகிதம்தானே, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பவர்களுக்கு உலகம் முழுக்கப் பதில் இருக்கிறது. முறுக்கு ஏறிய காகிதம் வேறு பொருள். ஜப்பானின் ஷிரோயிஷியில் கைக்காகிதத்தை மெல்லிய பட்டைகளாக வெட்டி, முறுக்கி நூலாக்கி, தறியில் துணி நெய்தார்கள். ஷிஃபு என்று பெயர்; உடுத்தி, துவைத்து, மறுபடி உடுத்திய துணி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் லாயிட் என்பவர் 1917-இல் முறுக்கிய காகிதத்தைப் பிரம்புக்கு மாற்றாக்கி நாற்காலி செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காகிதத்துக்கு நடுவே எஃகுக் கம்பியும் ஓடும். டென்மார்க்கில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாற்காலி பின்னும் கடற்புல் கயிற்றுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காகிதக் கயிறு அந்த இடத்துக்கு வந்தது. போர் முடிந்த பிறகும் அது போகவில்லை. ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த புகழ்பெற்ற நாற்காலியின் இருக்கை ஏறக்குறைய 120 மீட்டர் காகிதக் கயிற்றால் கையால் பின்னப்படுவது. 1950 முதல் இன்றுவரை உற்பத்தியில் இருக்கிறது. ஆள் உட்கார்ந்து எழுந்து பல்லாண்டு தாங்குகிறது. அதன் விலையைக் கேட்டால் காகிதம் என்று எவரும் அலட்சியமாகப் பேச மாட்டார்கள்.

குழந்தைகள் பக்கமும் ஒரு கிளை உண்டு. பால்வாடியில் வண்ணக் காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டிப் பாய் பின்னச் சொல்லித்தருவார்களே, அதன் மூலம் ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். 1837-இல் சிறு குழந்தைகளுக்கென அவர் தொடங்கிய பள்ளியே பிறகு கிண்டர்கார்டன் ஆனது. காகிதம் பின்னுவதை அவர் பொழுதுபோக்காக வைக்கவில்லை; எண்ணும் வடிவமும் ஒழுங்கும் கை வழியே உள்ளே போகும் என்று பாடமாக வைத்தார். இரண்டு வண்ணக் காகிதத்தைக் கோத்து இதய வடிவக் கூடை பின்னிக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் வழக்கம் டென்மார்க்கில் உண்டு. கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 1860-இல் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் தம் கையால் செய்தது.

நம் வீடுகளிலும் காகிதம் வெறுமனே எரிந்துபோகவில்லை. ஊறவைத்த காகிதத்தோடு வெந்தயத்தைச் சேர்த்து உரலில் இடித்து, பழைய மூங்கில் கூடையிலும் முறத்திலும் மெழுகிக் காயவைத்தால் இன்னும் பல வருடம் ஓடும். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடிக்கும், கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பார்கள். காகிதக் கூழில் கொலு பொம்மையும் செய்வார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையிலும் அது சேரும். தர்காக்களின் சந்தனக்கூட்டிலும் திருவிழாத் தோரணத்திலும் வண்ணக் காகிதம் மின்னும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் மூங்கில் சட்டத்தில் காகிதம் ஒட்டி வெசாக் கூடு கட்டுகிறார்கள். காகிதத்தை அழகுக்கும் வழிபாட்டுக்கும் எடுத்த கைகள் இரண்டு கரையிலும் இருந்தன.

தமிழ்நாட்டில் செய்தித்தாளைப் பிழைப்பாக மாற்றிக் காட்டிய முன்னுதாரணமும் கடற்கரையில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லைச் சுற்றியுள்ள கிராமத்துப் பெண்களுக்கு வேலை தேட உருவானது வெல்பேப்பர் என்ற முயற்சி. பழைய செய்தித்தாளைச் சுருட்டியும் சுற்றியும் கிண்ணம், கூடை, அணிகலன், தொங்கும் அலங்காரம் என்று செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். செய்தவை கடைக்குப் போயின, வெளிநாட்டுக்கும் போயின. அங்கே நான் கவனிக்கிற விஷயம் ஒன்று. ‘பாவம், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் செய்தது’ என்று சொல்லி மட்டும் விற்றிருந்தால் இரண்டு வருடத்தில் படுத்திருக்கும். வடிவமும் முடிப்பும் நேர்த்தியாக இருந்ததால் நின்றது.

மீமிசலில் இதைச் செய்வதற்கு இடைஞ்சல்களும் உண்டு. முதல் இடைஞ்சல் காற்று. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் குழல் சுருட்டினால் சுருட்டிய மறுநாளே தளர்ந்துவிடும். பங்குனியிலிருந்து ஆனி வரை வெயில் நிற்கிற மாதங்களில் குழல்களைச் சுருட்டிக் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் கட்டி வைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் உட்கார்ந்து பின்னலாம். கருவாட்டுக்கு வெயிலைக் கணக்குப் பண்ணுகிற ஊருக்கு இது புதிய பாடமில்லை. அடுத்தது பூச்சி. ராமபாணமும் கரையானும் மைதாப் பசையைத் தேடி வரும். புத்தகம் பைண்ட் செய்கிறவர்கள் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, குழந்தை கைக்குப் போகும் பொருளில் கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அச்சு மை படிந்த செய்தித்தாளில் உணவுப் பொருளைப் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. காகிதக் கூடையில் முறுக்கும் அதிரசமும் நேராக வைக்க வேண்டாம். பூ வைக்கலாம், வளையல் வைக்கலாம், தாம்பூலத்தை இலை போட்டு வைக்கலாம்.

இனிக் காசைப் பற்றிப் பேசலாம். இந்தக் கைவினை நிற்பதும் விழுவதும் இங்கேதான். மூலப்பொருளுக்குச் செலவு அநேகமாக இல்லை. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்தே செய்தித்தாள் காகிதம் செய்யத் தொடங்கப்பட்டது. காவிரிக் கரையில் வெட்டிய கரும்பு ஆலையில் பிழியப்பட்டு, சக்கை காகிதமாகி, செய்தி அச்சாகி, படித்து முடித்து, பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகும்போது கிலோவுக்கு ஏதோ சில ரூபாய். அதைக் கூடையாக்கினால் கூடையின் விலை முழுவதும் கையின் விலைதான். நடுத்தரக் கூடை ஒன்றுக்கு நூறு குழல் வேண்டும் என்று வைப்போம். ஒரு குழலுக்கு ஒரு நிமிடம் என்றாலும் சுருட்டி முடிக்கவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பின்னல், மடிப்பு, பூச்சு எல்லாம் சேர்த்தால் பழகிய கைக்கும் அரை நாள் பிடிக்கும். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அரை நாளுக்கு 168. பசை, வண்ணம், வார்னிஷ் சேர்த்தால் இருநூறை ஒட்டி வரும். கண்காட்சியில் அந்தக் கூடையை நூறு ரூபாய்க்குக் கேட்கிறோம். ‘பழைய பேப்பர்தானே’ என்று அதிலும் பத்து குறைக்கப் பார்க்கிறோம். பின்னியவர் தன் கூலியில் பாதிக்கும் மேல் விட்டுக்கொடுத்து நமக்கு விற்கிறார்.

அதனால் பயிற்சி கொடுக்கிறவர்கள் கூடை பின்னச் சொல்லித்தருவதோடு நிறுத்தக் கூடாது. நேரத்தை எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். குழலுக்கு இவ்வளவு, பின்னலுக்கு இவ்வளவு என்று நோட்டில் வந்துவிட்டால் விலை சொல்லும்போது வாய் தடுமாறாது. அறிவொளி நடந்த மாவட்டத்தில் இதைக் கேட்பது அதிகமில்லை. மாவட்டச் சந்தைகளிலும் பூம்புகார் கைவினைக் கடைகளிலும் ஓலைக்கும் ஒயருக்கும் பக்கத்தில் காகிதத்துக்கு நிரந்தரமாக ஒரு தட்டு வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டு, 2021-இல் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கம் நடத்திய மாநிலம் இது. திருமணத்துக்குத் தாம்பூலக் கூடை, பெருநாளுக்குப் பரிசுப் பெட்டி, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், கொலுவுக்கு அலங்காரம் என்று மூன்று சமயத்தாரும் வாழும் இந்தக் கரைக்கு வருடம் முழுக்க ஆர்டர் எடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே சொல்லிச் செய்யச் சொன்னால் தேங்கும் சரக்கும் இருக்காது.

கற்றுக்கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காகிதக் கூடை பின்னுகிறவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் மூடி. பெட்டி ஒழுங்காக வந்திருக்கும். மூடி ஒன்று இறுகும், இல்லை கழன்று விழும். யூடியூபில் அளவு பார்த்துச் செய்தாலும் கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறுவதால் அளவு பொய்த்துவிடும். ஓலைப்பெட்டி முடைந்த பாட்டிகளுக்கு இது தெரியும். அவர்கள் மூடியைத் தனியாக அளப்பதில்லை. முடிந்த பெட்டியையே அச்சாக வைத்து, அதன் மேலேயே விரல் நுழையும் இடம் விட்டு மூடியைப் பின்னிக் கொண்டுவருவார்கள். பெட்டி எப்படிக் கோணியிருந்தாலும் மூடியும் அப்படியே கோணி, பொருந்தி உட்காரும். மீமிசலிலும் சுற்றியுள்ள பட்டினங்களிலும் அப்படிப்பட்ட பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை மகளிர் குழுவுக்குக் காகிதப் பின்னல் பயிற்சி என்று அறிவிப்பு வரும்போது, பயிற்றுநர் என்ற இடத்தில் அவர்களில் ஒருவரின் பெயரை எழுதி, அவருக்கும் பயிற்றுநர் ஊதியத்தையே கொடுக்க வேண்டும்.